மேம்பாலத்துக்குக் கீழ ஒரு ஊரு இருக்குதுங்க

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. எழுத விசயம் இல்லாம இல்லீங்க, சோம்பேறித்தனந்தான். அதுக்கும் சேத்து வச்சு இந்தத் தடவை பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காப்பியோட உக்காந்துக்குங்க.

போன மாசம் ஒறம்பரை ஒருத்தரை ஏர்போர்ட்ல விட்டுட்டு வரலாம்னு கிளம்பினோம். பெரியப்பாவும் "நானும் வாறேன், அந்தப் புதுப் பாலத்தைப் பாக்கோணும்"னு முன் சீட்ல ஏறி உக்காந்துட்டாரு. புதுப் பாலம்னா அவிநாசி ரோட்டு மேல 2025 அக்டோபர் 9ஆம் தேதி திறந்தாங்களே, ஜி.டி. நாயுடு பேர்ல, அதுதான். உப்பிலிபாளையத்துல ஏறினா கோல்டுவின்ஸ்ல எறக்கி விட்டுருது. மொத்தம் 10.1 கிலோமீட்டர். முன்னெல்லாம் சிக்னல் சிக்னலா நின்னு, ஒரு சினிமாப் பாட்டு கேசட் முடியற நேரம் ஆகும் இந்த தூரத்துக்கு. இப்ப ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள போயிடறோம்.

பெரியப்பா கண்ணாடிக்கு வெளியவே பாத்துட்டு வந்தாரு. மொட்டை மாடித் தண்ணித் தொட்டி, செல்போன் டவரு, ஆஸ்பத்திரி போர்டு. பாலம் எறங்கற எடத்துல என்னையத் திரும்பிப் பாத்து கேட்டாரு:

"ஏங்கண்ணு, பூளைமேடு எப்ப வரும்?"

"அது அப்பவே போயிருச்சுங்க பெரியப்பா."

அவரு ஒண்ணும் சொல்லல. அவரு பொறந்து, வளந்து, முப்பது வருசம் வேலைக்குப் போன ஊரு, காலுக்கடியில போயிருச்சு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில "வாங்க பெரியப்பா, கீழ நடந்தே போய்ப் பாக்கலாம்"னு கூட்டிட்டுப் போனேன். இந்தப் பதிவு அந்த நடையோட கதைதான். நடுவுல கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்குங்க :-)

ஸ்டாப்பிங்தான் கல்வெட்டு

மதுரை, தஞ்சாவூர்க்காரங்க கல்வெட்டு கல்வெட்டுனு பெருமை பேசறப்ப நாங்க கோயமுத்தூர்க்காரங்க கொஞ்சம் அடக்கி வாசிப்போம். ஆனா எங்களுக்கும் கல்வெட்டு இருக்குதுங்க. பஸ் ஸ்டாப்பிங் பேருங்கதான் அது.

"ஹோப் காலேஜ் எல்லாம் எறங்கு"னு கண்டக்டர் கத்துவாரு. வெளியூர்க்காரங்க எறங்கி ஹோப் காலேஜைத் தேடுவாங்க. கெடைக்காது. 1945ல சென்னை மாகாண கவர்னரா இருந்த ஆர்தர் ஹோப் பேர்ல ஜி.டி. நாயுடு முயற்சியில ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆரம்பிச்சாங்க. அது பின்னால பேரும் மாறி, எடமும் மாறி, இன்னைக்கு தடாகம் ரோட்ல அரசு தொழில்நுட்பக் கல்லூரியா இருக்குது. காலேஜ் போயி எழுபது வருசத்துக்கு மேல ஆச்சு, ஸ்டாப்பிங் மட்டும் போகல.

லட்சுமி மில்ஸ் ஸ்டாப்பிங்கும் அப்படித்தான். 1910ல குப்புசாமி நாயுடு ஆரம்பிச்ச மில். இன்னைக்கு அந்த வளாகத்துல ஒரு பகுதி கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமா ஜெகஜ்ஜோதியா இருக்கு. அங்க காப்பி குடிக்க வர்ற பசங்க "லட்சுமி மில்ஸ்ல மீட் பண்ணலாம்"னு சொல்றப்ப, மில்லுங்கற வார்த்தை அவங்களுக்கு என்ன அர்த்தத்துல கேக்குதோ தெரியல. புலியகுளம் பக்கம் பங்கஜா மில் ரோடு, காட்டூர் பக்கம் காளீஸ்வரா மில்னு ஊரு பூரா இந்த மாதிரி பேருங்க.

பாலத்துக்கு மேல போனா கண்டக்டரும் கத்த மாட்டாரு, ஸ்டாப்பிங்கும் கெடையாது. பேரைக் கூப்பிட ஆள் இல்லைன்னா பேரு எத்தனை நாளைக்கு நிக்கும்ங்க?

மில்லு வந்த கதை

தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் சுருக்கமா சொல்லிடறேன். 1866ல கோயமுத்தூர் முனிசிபாலிட்டி ஆச்சு. அதுக்கு முதல் சேர்மன் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவரு 1888ல ஆரம்பிச்சதுதான் ஊரோட முதல் பெரிய நூல் மில். காகிதத்துல அதுக்கு வேற நீளமான பேரு, ஜனங்க வாயில ஸ்டேன்ஸ் மில். சுத்துப்பட்டுக் கரிசக்காட்டுல பருத்தி வெளைஞ்சுது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஈரக்காத்து நூலு அறுந்து போகாம ஓடறதுக்குத் தோதா இருந்துச்சு. 1922ல பூளைமேட்டுல ரங்கவிலாஸ் மில் வந்துச்சு. 1932ல நீலகிரியில பைக்காரா மின்சாரம் வந்ததும், மழைக்கு முளைக்கிற காளான் மாதிரி மில்லுங்க முளைச்சுது. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்"ங்கற பட்டமும் வந்துச்சு.

பட்டம் கம்பெனிகளுக்கு. வேலைக்கு வந்த ஜனம் எங்க தங்குச்சு? மில்லைச் சுத்தி லைன் வீடுங்க. ஒரே வரிசையில பத்துப் பன்னெண்டு வீடு, நடுவுல ஒரு வாசல், கடைசியில பொதுக் கக்கூசு, தண்ணிக்கு ஒரே கொழாய். எங்க அப்பாருவும் அப்பத்தாவும் அப்படி ஒரு லைன் வீட்டுலதான் குடும்பம் நடத்தினாங்க. பெரியப்பா, எங்க அப்பா, ரெண்டு அத்தைங்க எல்லாம் பொறந்தது அங்கதான். சங்கு ஊதினா எந்திரிக்கோணும், சங்கு ஊதினா சாப்பிடோணும், சங்கு ஊதினா தூங்கோணும். கடிகாரம் யார் வீட்டுலயும் கெடையாது, தேவையும் படல.

வீட்டுக்குள்ள கால் நீட்டி உக்கார எடம் இல்லாத ஜனம் வெளியதான் எடம் உண்டாக்கிக்கோணும். உண்டாக்கிக்கிட்டாங்க.

யாரும் குடுக்காத எடங்க

மொதல்ல சாமி. போன நூற்றாண்டு ஆரம்பத்துல கோயமுத்தூர்ல பிளேக் வந்து ஊரையே கலைச்சுது. ஜனம் ஊரைக் காலி பண்ணிட்டு வெளிக்காட்டுல குடிசை போட்டு உக்காந்தாங்க. திரும்பி வந்து என்ன பண்ணினாங்க தெரியுமுங்களா? பிளேக் மாரியம்மன்னு ஒரு கோயிலைக் கட்டினாங்க. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, ஊருக்குள்ள அங்கங்க பிளேக் மாரியம்மன் கோயிலுங்க இருக்குது. வரலாற்றுப் புத்தகத்துல பிளேக் நாலு வரி வரும். இங்க அது சாமியாகி வருசா வருசம் கூழ் குடிக்குது. 2021ல இருகூர் பக்கம் கொரோனா தேவிக்கு செலை வச்சப்ப ஊரு உலகமே சிரிச்சுது. நான் சிரிக்கலைங்க. எங்க ஊரு ஜனம் துக்கத்தைக் கணக்கு எழுதி வைக்கிற முறை அது.

அப்புறம் டீக்கடை. அதுக்கப்புறம் படிப்பகம்.

படிப்பகம்னா என்னமோ பெரிய நூலகம்னு நினைச்சுக்காதீங்க. நாலு கம்பம் நட்டு ஓலை வேய்ஞ்ச கொட்டாய், ரெண்டு பெஞ்சு, ஒரு கொடிக்கம்பம். கட்சிக்கு ஒண்ணா இருக்கும். செங்கொடிக்காரங்க கொட்டாய்ல ஜனசக்தி, திராவிட இயக்கத்துக்காரங்க கொட்டாய்ல விடுதலையும் முரசொலியும், ரெண்டுலயும் பொதுவா தினத்தந்தி. ஷிப்டு முடிஞ்சு பஞ்சு தூசியோட வந்து உக்காருவாங்க. படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரு சத்தமாப் படிப்பாரு, மத்தவங்க பீடி புடிச்சுட்டே கேப்பாங்க. நடுவுல ஒருத்தரு "அதை இன்னொருக்கா படி"ம்பாரு. அப்புறம் வாதம். அடிதடி வர்ற மாதிரி இருக்கும், வராது.

எங்க பெரியப்பா பள்ளிக்கூடம் போனது மூணாவது வரைக்கும். மீதியெல்லாம் படிப்பகத்து பெஞ்சுல படிச்சது. 1965ல பதினெட்டு வயசுல மில்லுக்குள்ள போறப்ப அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ரெண்டு வருசத்துல சத்தமாப் படிக்கிற ஆளே அவருதான்.

1971ல இதே கோயமுத்தூர்ல வானம்பாடிக் கவிஞருங்க தங்களோட பத்திரிகைய "விலையில்லாக் கவிமடல்"னு காசு வாங்காம குடுத்தாங்க. காசு வாங்காம எழுதற நம்மளுக்கெல்லாம் முன்னோடிங்க அவங்கதான் :-) எனக்கென்னவோ படிப்பகத்து ஓசிப் பேப்பர்ல பழகின ஊர்ல இது ஆச்சரியமாத் தெரியல.

சுவரு எழுதின கதை

படிப்பகத்துல பேசினதை ஊருக்குச் சொல்றதுக்கு சுவரு வேணும். மில்லு காம்பவுண்டுச் சுவரு மாதிரி நீளமான சுவரு எங்க கெடைக்கும்? ராத்திரி ஷிப்டு உள்ள போனதுக்கப்புறம் வேலை ஆரம்பம். இது பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டது:

மொத நாள் சுவத்தைச் சுரண்டி, சுண்ணாம்புல ஒரு பூச்சு. சுண்ணாம்புல கொஞ்சம் கோந்து கலக்கோணும், இல்லைன்னா தொட்டாக் கையில ஒட்டும். மறுநாள் நூலைக் காவியில நனைச்சு, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சு சுண்டினா கோடு விழுந்துரும். அதுக்குள்ள எழுத்து நிக்கோணும். பிரஷ்ஷு வாங்கக் காசு ஏது? பன மட்டை நுனிய நசுக்கிக்கிட்டா அதுதான் பிரஷ்ஷு. நீலத்துல எழுத்து, காவியில நெழலு.

"'ழ'வுக்கு வால் எழுதறதுலதான் கண்ணு ஆளு தெரியும். அவசரப்பட்டா வழிஞ்சுரும்"னாரு.

இது சட்டப்படி தப்புங்க. பொது இடங்களை அலங்கோலப்படுத்தறதைத் தடுக்கிற சட்டம் 1959லேயே தமிழ்நாட்டுல வந்தாச்சு. இருந்தாலும் சுவரு எழுதறது நிக்கல. தேர்தலுக்கு ஆறு மாசம் முன்னாலயே கட்சிப் பேரைப் போட்டு சுவத்தை ரிசர்வ் பண்ணி வைக்கிற கூத்தெல்லாம் நம்ம வயசுக்காரங்க பாத்ததுதானே. 2006 சட்டசபைத் தேர்தல்ல தேர்தல் கமிஷன் கெடுபிடி பண்ணினப்பதான் அது அடங்குச்சு. அந்த எடத்துல பிளெக்ஸ் வந்து உக்காந்துச்சு. எழுதறவரு பொழப்பு போச்சு. எழுத வேண்டிய அவசியமும் போச்சு, மூஞ்சியப் பெருசாப் போட்டாப் போதும்.

ஆனா ஜனத்துக்குச் சொல்ல ஏதாவது இருந்தா எடம் தேடிக்கும். 2017 நவம்பர்ல இதே அவிநாசி ரோட்ல, விழாவுக்காக ரோட்டை மறைச்சுக் கட்டின வளைவுக்கிட்ட ஒரு இளைஞர் செத்துப் போனாரு. வளைவாலயா, லாரியாலயான்னு வாதம் நடந்துச்சு. அந்த எடத்துல, சுவத்துல கூட இல்லீங்க, தார் ரோட்டு மேலயே அவரைக் கொன்னது யாருன்னு பெரிய எழுத்துல கேட்டு எழுதிட்டாங்க. நாடு பூரா பேசுச்சு. எழுத்து அதிக நாள் நிக்கல, கேள்வி நின்னுச்சு. பன மட்டை பிரஷ்ஷோட பேரன் அதுன்னு எனக்குத் தோணும்.

நாலு பேரு

அந்த நடையில நாங்க கடைசியாப் போனது ஏர்போர்ட்டைத் தாண்டி சின்னியம்பாளையம். (நடந்தே போகலைங்க, ஹோப் காலேஜ்ல பஸ் ஏறிட்டோம். பெரியப்பாவுக்கு 78 வயசு.)

ரங்கவிலாஸ் மில் தொழிலாளிங்க நாலு பேரு: ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். தொழிற்சங்கம் வேரு விட்ட நாள்ல நடந்த மோதல்ல ஒரு கொலை வழக்கு. நாலு பேருக்கும் தூக்கு. 1946 ஜனவரி 8ஆம் தேதி கோயமுத்தூர் ஜெயில்ல தூக்குல போட்டாங்க. வ.உ.சி. செக்கிழுத்த அதே ஜெயில்தான். சுதந்திரத்துக்கு இன்னும் ஒண்ணரை வருசம் இருந்துச்சு.

அப்பாரு அன்னைக்கு அரிசிச் சோறு திங்கலையாம். வீட்டுல அடுப்பே பத்த வைக்கலைன்னு அப்பத்தா சொல்லும். பெரியப்பா அப்ப பொறக்கவே இல்ல, ஆனா பாத்த மாதிரி சொல்லுவாரு. எப்படி? ஒவ்வொரு வருசமும் ஜனவரி 8 அன்னைக்கு நினைவிடத்துல கூடறாங்க. எண்பது வருசமா. அந்த ஒரு நாளுக்கு முன்னால சுவரு எழுதற வேலை பெரியப்பாவோடது. நாலு பேரையும் நாலு பேருக்கும் ஒரே அளவு எழுத்துல எழுதோணும், ஒருத்தரு பேரு நீளம்னு எழுத்தைச் சிறுசு பண்ணக் கூடாதுங்கறது அவரு வச்சிருந்த கணக்கு.

பாடப் புத்தகத்துல எனக்கு இந்த நாலு பேரைப் பத்தி யாரும் சொல்லித் தரலைங்க. சுவருதான் சொல்லிக் குடுத்துச்சு.

இப்ப சுவத்துல என்ன இருக்கு

பெரியப்பா வேலை பார்த்த மில்லை தொண்ணூறுகள்ல மூடிட்டாங்க. பேரு வேண்டாம். சேர வேண்டிய பணம் பாதிதான் வந்துச்சு, அந்தக் கதை இன்னொரு நாள். 1974ல அரசாங்கம் எடுத்துக்கிட்ட என்.டி.சி. மில்லுங்க 2020 மார்ச் ஊரடங்குல நின்னது, பல வருசமாகியும் ஓடல. படிப்பகக் கொட்டாய் ரோடு அகலப்படுத்தறப்பப் போச்சு. காம்பவுண்டுச் சுவரு போயி அடுக்குமாடி வந்துச்சு.

இன்னொரு பக்கம் பாத்தீங்கன்னா, ஊருல இப்ப ஓவியச் சுவருக்குப் பஞ்சமே இல்ல. 2016ல ஸ்மார்ட் சிட்டிக்கு எடுத்த மொத 20 ஊருல கோயமுத்தூரும் ஒண்ணு. குளக்கரையெல்லாம் நடைபாதை, வெளக்கு, செலை. குறிச்சிக் குளத்துல தமிழ் எழுத்துங்களையே கோத்து திருவள்ளுவரை நிறுத்தி இருக்காங்க, நெசமாவே அழகு. அதே நேரம் குளக்கரைகள்ல காலங்காலமா குடிசை போட்டிருந்த ஜனத்தை ஊருக்கு வெளிய அடுக்குமாடிக்கு மாத்தினாங்க. வீடு கான்கிரீட்டு, வேலை ரெண்டு பஸ் தூரம்.

சென்னையில கண்ணகி நகர்ல 2020ல பெரிய பெரிய சுவரோவியம் வரைஞ்சு கலை வட்டாரம்னு பேரு வச்சாங்க. அந்த விலாசத்தைச் சொன்னா வேலை குடுக்க யோசிக்கிற நெலமை இருந்த எடம். ஓவியம் வந்ததும் போட்டோ எடுக்க ஆளுங்க வர்றாங்க. அதை நான் குறை சொல்ல மாட்டேன், வெளியாளு கண்ணு மாறறதும் ஒரு மாத்தந்தான். ஆனா உள்ள இருக்கிறவங்க என்ன சொல்ல ஆசைப்பட்டாங்கங்கறது வேற கேள்வி.

பைக்காரா கரண்டு நம்ம மில்லுக்கு வந்த அதே 1932ல, அமெரிக்காவுல டெட்ராய்ட்டுங்கற கார் கம்பெனி ஊருல தியேகோ ரிவேரான்னு ஒரு மெக்சிகோ ஓவியர் சுவரு வரைய ஆரம்பிச்சாரு. 27 பேனல். கார் பட்டறையில வேர்வை சிந்தற ஆளுங்கதான் படம் பூரா. பணம் குடுத்தது கார் முதலாளி வீட்டுப் பையன். 1933ல திறந்தப்ப "வெள்ளையடிச்சு மூடு"ன்னு ஊரே கத்துச்சு. மூடல. இன்னைக்கு அந்த ஊரோட பெருமையே அதுதான். நம்ம மான்செஸ்டர்ல ஸ்பின்னிங் மிசின்கிட்ட நிக்கிற ஒரு பொம்பளையை சுவத்துல வரைஞ்சு நான் பாத்ததில்லீங்க. நீங்க பாத்திருந்தா சொல்லுங்க, கட்டாயம் போய்ப் பாக்கறேன்.

திரும்பி வர்ற வழியில ஒரு சுவத்துல பாம்படம் போட்ட கெழவி சிரிக்கிற மாதிரி பெரிய ஓவியம். பெரியப்பா ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு.

"நல்லாருக்குது. கையி சுத்தம். இது யாரு கண்ணு?"

"யாரும் இல்லீங்க பெரியப்பா. சும்மா ஒரு பாட்டி."

"ஓ"ன்னாரு. கொஞ்ச தூரம் போயி, "நம்மூருல பாம்படம் ஆரு போட்டா?"ன்னாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என்னமோ மாதிரியும் இருந்துச்சு. பாம்படம் தெக்கத்திச் சீமை நகை. எங்க அப்பத்தா காதுல கெடந்தது மில்லுல சேந்தப்ப வாங்கின கவரிங் தோடு.

பாலத்துக்கு அடியில தூணுங்க வரிசையா நிக்கிறதைப் பாத்து நான் கேட்டேன், "உங்களைக் கேட்டா இதுல என்னங்க வரையலாம்?"

நடந்துட்டே யோசிச்சாரு.

"ஆளை வரைய வேண்டாஞ் சாமி. ஆளை வரைஞ்சா எவனோ ஒருத்தனாப் போயிரும். ஒவ்வொரு தூணுலயும் அந்தந்த எடத்துல இருந்த மில்லு பேரு. எந்த வருசம் ஆரம்பிச்சுது, எந்த வருசம் நின்னுச்சு. அவ்வளவு எழுதினாப் போதும். எழுத்து மட்டும் நல்லா இருக்கோணும்."

மறுநாள் ஒரு பழைய டைரியக் கொண்டாந்து குடுத்தாரு. அதுல அவருக்கு ஞாபகம் இருக்கிற மில்லு பேரு, லைன் வீட்டு வளவு பேரு, படிப்பகம் இருந்த எடம் எல்லாம் வரிசையா எழுதி இருந்துச்சு. கை நடுங்குது, ஆனா 'ழ' வால் இன்னும் வழியல. அதைத்தான் இப்ப நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பைக்கை எடுத்துட்டுப் போயி எடம் எடமா சரி பாத்துட்டு இருக்கேன். இதுவரைக்கும் பதினொண்ணு முடிஞ்சுது.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு படிப்பகம், ஒரு மன்றம், பேரு மட்டும் மிச்சம் இருக்கிற ஒரு ஸ்டாப்பிங் இருக்கும். அதைப் பத்திக் கேக்கறதுக்கு ஒரு பெரியப்பாவும் இருப்பாரு. காலம் தள்ளாமப் போயிக் கேட்டு எழுதி வச்சுருங்க. மேம்பாலம் எல்லா ஊருக்கும் வந்துட்டுத்தான் இருக்குதுங்க.

அடுத்த பதிவுல பாக்கலாம். போயிட்டு வாறனுங்க.

டிஸ்கி: பூளைமேடா, பீளமேடான்னு சண்டைக்கு வராதீங்க. போர்டுல பீளமேடு. பொங்கலுக்குக் காப்புக் கட்டறப்ப வேப்பிலை, ஆவாரம்பூவோட சேத்துக் கட்டற பூளைப்பூ இருக்குதில்லீங்க, அதுல இருந்து வந்த பேரு பூளைமேடு. எங்க பெரியப்பா சுவத்துல எழுதினதும் அப்படித்தான்.